விக்கன்ஹைசரின் நான்கு தங்கம்: எதிரில் இருந்தது ஒரே ஒரு அணிதானே?

கணக்குப்பிள்ளை எழுதியது:

சண்டை இழுக்க இந்த இழையைத் தொடங்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். எட்டாவது படிக்கும் என் பெண் வகுப்பில் ஒரு விளையாட்டு வீராங்கனையைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். சிந்து, மேரி கோம் எல்லாரையும் மற்ற பிள்ளைகள் முதல் நாளே எடுத்துவிட்டார்களாம். இவள் யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு ஹேலி விக்கன்ஹைசர் என்று வந்து நிற்கிறாள். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீராங்கனை. நான்கு ஒலிம்பிக் தங்கம், ஒரு வெள்ளி, ஏழு உலக சாம்பியன்ஷிப்.

எனக்கு எண்களைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் வந்தது 1998இல். அங்கிருந்து 2022 வரை ஏழு ஒலிம்பிக். தங்கம் கனடாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 2. வேறு எவருக்கும் இல்லை. இறுதி ஆட்டத்துக்கு வேறொரு நாடு வந்ததே ஒரே தடவை, 2006இல் ஸ்வீடன். உலக சாம்பியன்ஷிப்பில் 2019இல் ஃபின்லாந்து வரும்வரை எல்லா இறுதி ஆட்டமும் இந்த இரண்டு பேருக்குள்தான். 2010 ஒலிம்பிக்கில் கனடா ஸ்லோவாகியாவை 18-0 என்று அடித்திருக்கிறது. இது போட்டியா, பயிற்சியா?

என் சந்தேகம் இதுதான்: தெருவில் இரண்டே கடை இருக்கும்போது 'ஊரிலேயே நம்பர் ஒன்' என்று போர்டு வைப்பதில் என்ன இருக்கிறது?

ஸ்கார்பரோ தம்பி எழுதியது:

அண்ணா, கடை உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த இன்னொரு கடை எப்படிப்பட்ட கடை என்று பார்க்க வேண்டாமா?

2002, சால்ட் லேக் சிட்டி. ஒலிம்பிக்குக்கு முந்தைய மாதங்களில் கனடாவும் அமெரிக்காவும் எட்டு முறை மோதின. எட்டிலும் கனடா தோல்வி. இறுதி ஆட்டத்துக்கு வரும்வரை அமெரிக்க அணி 35 ஆட்டம் ஆடி முப்பத்தைந்திலும் ஜெயித்திருந்தது. ஒலிம்பிக்கும் அவர்கள் ஊரில். இறுதி ஆட்டத்துக்கு ரெஃபரியும் அமெரிக்கர். நடுவில் தொடர்ந்து எட்டு பெனால்டி கனடாவுக்கு. ஐஸ் ஹாக்கியில் பெனால்டி என்றால் அந்த ஆள் இரண்டு நிமிடம் வெளியே பெட்டிக்குள் உட்கார வேண்டும், அணி ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும். எட்டு முறை அப்படி ஆடினால் கால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1-1 என்று இருந்தபோது கனடாவை முன்னால் கொண்டுபோனது விக்கன்ஹைசர். மூன்று பீரியடில் (பகுதியில்) இரண்டாவது முடிய ஒரே ஒரு வினாடி இருக்கும்போது ஜெய்னா ஹெஃபர்ட் மூன்றாவது கோல். கடைசியில் 3-2. தொடரின் சிறந்த வீராங்கனை விருதும் விக்கன்ஹைசருக்கே.

மைதானத்தின் நடுவில் ஐஸுக்குள் ஒரு கனடா டாலர் நாணயம் புதைந்திருந்தது என்பது தனிக் கதை. ஐஸ் போடப் போன கனடாக்காரர் ஒருவர் சத்தமில்லாமல் வைத்துவிட்டார். மூன்று நாள் கழித்து ஆண்கள் அணியும் தங்கம் வாங்கிய பிறகுதான் வெளியே வந்தது.

கோவில்பட்டி எக்ஸ்பிரஸ் எழுதியது:

ஹாக்கி என்று பார்த்ததும் ஓடி வந்தேன். வந்து பார்த்தால் பனியில் சறுக்குகிற ஹாக்கி. பரவாயில்லை, மட்டையைப் பிடித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை சார், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆப்கானிஸ்தானை 14-0, அமெரிக்காவை 16-0 என்று ஜெயித்தது. அந்தத் தொடர் முழுக்க நாம் போட்டது 38 கோல், வாங்கியது பூஜ்யம். 1956, 1960, 1964 மூன்று ஒலிம்பிக்கிலும் இறுதி ஆட்டம் இந்தியா - பாகிஸ்தான். மூன்றுமே 1-0, அதில் 1956லும் 1964லும் தங்கம் நமக்கு. அந்தத் தங்கங்களை எந்தக் கோவில்பட்டிக்காரனிடமாவது போய் 'எதிரில் ஒரே அணிதானே' என்று சொல்லிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு தாண்ட மாட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இது சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். 18-0ஐ விட்டுவிடுகிறேன்.

ஆனாலும் முழுதாக இறங்கி வரவில்லை. 2010இல் ஒலிம்பிக் கமிட்டித் தலைவரே, மற்ற நாடுகள் முன்னேறாவிட்டால் இந்த ஆட்டத்தை இப்படியே வைத்திருக்க முடியாது என்கிற மாதிரிப் பேசினார். ஆக சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை. அப்புறம் இந்த அம்மா ஆண்கள் அணியில் ஆடப் போனார் என்று பெண் சொல்கிறாள். ஃபின்லாந்தில். தேடினால் அது மூன்றாம் டிவிஷன். 23 ஆட்டத்தில் 2 கோல். இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

எஸ்போ குளிர் எழுதியது:

வழக்கமாக வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் போக முடியவில்லை, ஏனென்றால் அந்த ஊர் எனக்குப் பக்கத்து ஊர். கிர்க்கோநும்மி. எஸ்போவிலிருந்து மேற்கே ரயிலில் கொஞ்ச நேரம்தான். அணியின் பெயர் சலமத். ஃபின்னிஷ் மொழியில் மின்னல்கள் என்று அர்த்தம்.

முதலில் அவர் போக நினைத்தது இத்தாலிக்கு. ஆண்கள் லீகில் பெண் ஆடக்கூடாது என்று அங்கே கதவை மூடிவிட்டார்கள். ஃபின்லாந்து சங்கம் ஆடலாம் என்றது. 2003 ஜனவரியில் வந்தார். பிப்ரவரி 1ஆம் தேதி கோல் போட்டார். ஆண்களின் தொழில்முறை லீகில் ஒரு பெண் போட்ட முதல் கோல் அது.

2 கோல் என்கிறீர்கள், கூடவே 10 அசிஸ்ட் (அடுத்தவர் கோலுக்கு எடுத்துக் கொடுத்தது) இருக்கிறது. அதுகூட முக்கியமில்லை. பெண்கள் ஐஸ் ஹாக்கியில் அப்போது உடலால் மோதித் தள்ளுவது தடை. 1990இல் ஒட்டாவாவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் அனுமதி இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். (அந்தத் தொடரில் கனடாப் பெண்களுக்கு இளஞ்சிவப்பு ஜெர்சி போட்டுவிட்டார்கள். யாருடைய யோசனையோ.) ஆக, மோதலே இல்லாத ஆட்டத்தில் பத்து வருடம் ஆடிய ஒருவர், தன்னைவிட இருபது முப்பது கிலோ கூடிய ஆண் முழு வேகத்தில் வந்து பலகைச் சுவரோடு வைத்து நசுக்குகிற ஆட்டத்துக்குள் இறங்குகிறார். தலையை எப்போது தூக்க வேண்டும், பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை) எத்தனை நொடி வைத்திருக்கலாம் என்று எல்லாமே மாறிவிடும். நான் இங்கே அலுவலக நண்பர்களோடு ஆடுகிற ஆட்டத்தில் மோதல் கிடையாது. அதிலேயே ஒரு தடவை தவறுதலாக இடித்ததற்கு ஒரு வாரம் தோளைத் தூக்க முடியவில்லை.

அடுத்த பருவத்தில் அணி ஒரு படி மேலே ஏறி இரண்டாம் டிவிஷனுக்குப் போனது. அங்கே சில ஆட்டங்கள் ஆடிவிட்டுக் கனடா திரும்பிவிட்டார். 2008இல் ஸ்வீடனில் இன்னொரு ஆண்கள் அணி, எஸ்கில்ஸ்டுனாவில்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தைரியம் என்பதில் சந்தேகமே இல்லை. நான் கேட்பது வேறு. சொந்த ஆட்டத்தில் ராணியாக இருப்பவர் எதற்கு இன்னொருவர் ஆட்டத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார வேண்டும்? 'பெண்கள் ஆட்டம் போதாது' என்று அவரே சொல்வதுபோல் ஆகாதா?

மாடிவீட்டு வாசகி எழுதியது:

நீங்கள் 'சொந்த ஆட்டம்' என்கிறீர்களே, அது எங்கே இருந்தது?

சஸ்காட்செவன் மாகாணத்தில் ஷானவன் என்ற சின்ன ஊர். 1978இல் பிறந்தார். வீட்டுக்குப் பின்னால் அப்பா தண்ணீர் விட்டு உறைய வைத்த ஐஸ். பெண்களுக்கென்று அணி கிடையாது, பையன்களோடுதான் ஆடினார். பையன்களின் அப்பா அம்மாக்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு. 1991இல் 12 வயதில் கனடா குளிர்கால விளையாட்டுகளில் 17 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆல்பர்ட்டாவுக்காக ஆடி, இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலைப் போட்டார். 15 வயதில் தேசிய அணி. 1994 லேக் பிளாசிட் உலக சாம்பியன்ஷிப்பில் முதல் தங்கம்.

அப்புறம்? வருடத்தில் ஒரு உலக சாம்பியன்ஷிப், அதுவும் எல்லா வருடமும் இல்லை. நான்கு வருடத்துக்கு ஒரு ஒலிம்பிக். இடையில் உள்ள நாட்களில் எங்கே ஆடுவது? சம்பளம் தருகிற பெண்கள் லீக் அப்போது கிடையாது. 2007இல் தொடங்கிய கனடா பெண்கள் லீக் பத்து வருடம் சம்பளமே இல்லாமல் நடந்தது. 2019இல் மூடியும் விட்டார்கள். ராணி என்று நீங்கள் சொல்பவருக்கு அரண்மனை வருடத்தில் பத்து நாள் திறந்திருக்கும், அவ்வளவுதான். மீதி நாட்களில் ஐஸ் எங்கே இருக்கிறதோ அங்கே போயிருக்கிறார். பிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் ஆண்கள் அணியின் புதுமுகங்களுக்கான முகாமுக்கு 1998லும் 1999லும் போனார். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் கனடா சாஃப்ட்பால் அணியில் ஆடினார், தெரியுமா? முப்பது வயதுக்கு மேல் கால்கரி பல்கலைக்கழக அணியில் இருபது வயதுப் பிள்ளைகளோடு ஆடி 2012இல் தேசியப் பட்டம் வாங்கினார்.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஃபின்லாந்து ஒரு சாகசமே இல்லை. வேலை தேடி வெளியூர் போனது மாதிரி.

எஸ்போ குளிர் எழுதியது:

கடைசி வரி. வேலை தேடி இந்தக் குளிருக்கு வந்தவன் என்ற முறையில் இரண்டு கையையும் தூக்குகிறேன்.

ஸ்கார்பரோ தம்பி எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும். பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று ஒழுங்காகத் தொடங்கியது 2024 ஜனவரி 1ஆம் தேதி, இங்கே டொரொண்டோவில்தான் முதல் ஆட்டம். நியூயார்க் 4-0 என்று எங்களை ஜெயித்தது. நானும் தங்கச்சியும் டிக்கெட்டுக்கு அலைந்து கிடைக்காமல் டிவியில் பார்த்தோம். குறைந்தபட்சச் சம்பளம் 35,000 அமெரிக்க டாலர் என்று வைத்தார்கள். ஆண்கள் லீகோடு ஒப்பிட்டால் டீக்காசு. ஆனால் விக்கன்ஹைசர் ஓய்வு பெற்றது 2017 ஜனவரியில். ஏழு வருடம் முந்திவிட்டார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி, இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. தெருவில் இரண்டு கடை என்று சொன்னவன் தெருவே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

இருந்தாலும் ஒரு கடைசிச் சந்தேகம், திட்டாதீர்கள். 2014 சோச்சியில் அவரிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். கடைசிக் காலத்தில் பெயருக்குத்தான் அணியில் இருந்தாரா?

ஸ்கார்பரோ தம்பி எழுதியது:

பதவி போனது உண்மை. ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம் முன்னால் பயிற்சியாளர் விலகினார். புதிதாக வந்தவர் கேப்டன் பதவியைக் கரோலின் ஊலெட்டிடம் கொடுத்தார். விக்கன்ஹைசர் துணைக் கேப்டன். தொடக்க விழாவில் நாட்டுக் கொடியைப் பிடித்து வந்ததும் இவர்தான். என்ன ஒரு விசித்திரம் பாருங்கள், மொத்த கனடாவுக்கும் முன்னால் நடக்கிறவர், தன் அணிக்குக் கேப்டன் இல்லை.

பெயருக்கு இருந்தாரா என்றால், அந்த இறுதி ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். இது நான் நேரலையில் பார்த்தது. வேலை செய்த இடத்தில் பத்துப் பேர் ஒரு கணினித் திரையைச் சுற்றி நின்றோம். அமெரிக்கா 2-0. மூன்றரை நிமிடம்கூட இல்லை. பாதிப் பேர் தங்கள் இருக்கைக்குத் திரும்பிவிட்டார்கள். பிரியான் ஜென்னர் ஒரு கோல். கனடா கோலியை (கோல்கீப்பரை) வெளியே எடுத்துவிட்டு ஆறாவதாக ஒரு ஆட்டக்காரரை இறக்குகிறது. கோல் காலி. ஒரு அமெரிக்க வீராங்கனை பாதி மைதானத்திலிருந்து பக்கைத் தள்ளிவிடுகிறார், அது காலி கோலை நோக்கி உருண்டு உருண்டு போய் கம்பத்தில் மோதி நிற்கிறது. ஒரு கை அகலம் தள்ளிப் போயிருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. பின்னாலேயே மரி-பிலிப் பூலாங் சமன் செய்கிறார், மீதம் 54.6 வினாடி.

ஓவர்டைமில் கனடாவுக்கு ஒரு பெனால்டி, அமெரிக்காவுக்கு ஒரு பெனால்டி. அப்போது விக்கன்ஹைசர் பக்கோடு தனியாகக் கிளம்புகிறார். வயது 35. முன்னால் கோலி மட்டும். பின்னாலிருந்து துரத்தி வந்த ஹிலாரி நைட் இடித்ததில் விழுகிறார். பெனால்டி. அமெரிக்கா இன்னும் ஒரு ஆள் குறைவு. அந்த இடைவெளியில் பூலாங் மறுபடி அடித்தார், தங்கம்.

பெனால்டி வாங்கிக் கொடுத்தவருக்கு ஸ்கோர் அட்டையில் புள்ளி கிடையாது அண்ணா. உங்கள் கணக்கில் அது வராது.

கோவில்பட்டி எக்ஸ்பிரஸ் எழுதியது:

அந்தக் கம்பத்துக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம் தம்பி. இவரா பூலாங்கா, யார் பெரியவர்? நான்கு ஒலிம்பிக் இறுதி ஆட்டத்திலும் கோல் போட்ட ஆள் என்கிறார்களே.

ஸ்கார்பரோ தம்பி எழுதியது:

ஆமாம், 2010, 2014, 2018, 2022 நான்கிலும். ஒரே ஒரு கோல் இப்போது போட்டே ஆக வேண்டும் என்றால் நான் பூலாங்கைத்தான் இறக்குவேன். என் தனிப்பட்ட கருத்து, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் விக்கன்ஹைசர் வேறு மாதிரி ஆட்டக்காரர். உடல் பலம், எதிரியை முதுகில் சுமந்துகொண்டே பக்கைக் காப்பது, கடைசியில் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிடுவது. 2006 தொடரில் 5 கோல், 12 அசிஸ்ட். நாட்டுக்காக 276 ஆட்டம், 168 கோல், 211 அசிஸ்ட். 15 வயதுப் பெண்ணாக உள்ளே வந்து 38 வயதில் வெளியே போனார்.

அவரைப் பிடிக்காதவர்களும் உண்டு. 2002 வெற்றிக்குப் பிறகு டிவியில், அமெரிக்கர்கள் தங்கள் அறையில் எங்கள் கொடியைத் தரையில் போட்டு வைத்திருந்தார்கள் என்று கொதித்துப் பேசினார். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அமெரிக்க அணி மறுத்தது. யாரோ காதில் போட்டதைச் சரிபார்க்காமல் பேசியது தப்புத்தான். இங்கே அதையும் வீர வசனமாகவே சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மாடிவீட்டு வாசகி எழுதியது:

நான் மருத்துவத் துறையில் இருப்பதால் என்னை ஈர்த்தது ஓய்வுக்குப் பிந்தைய பகுதி. நாற்பதை நெருங்கும்போது கால்கரியில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2018இல் டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பிரிவில் வேலை. இரண்டும் ஒரே நேரத்தில். 2021இல் டாக்டர் ஆனார். 2022இல் அதே அணிக்குத் துணைப் பொது மேலாளர். நான் இருபத்தொரு வயதில் உடற்கூறியல் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியவள். நாற்பதில் என்றால் கும்பிடுதான் போடுவேன்.

2020 மார்ச்சில் நடந்ததையும் உங்கள் பெண் சேர்த்துக்கொள்ளலாம். கொரோனா பரவிக்கொண்டிருந்தது, டோக்கியோ ஒலிம்பிக் திட்டப்படி நடக்கும் என்று ஒலிம்பிக் கமிட்டி சொல்லிக்கொண்டிருந்தது. விக்கன்ஹைசர் அப்போது அந்தக் கமிட்டியின் விளையாட்டு வீரர்கள் ஆணையத்தில் உறுப்பினர். மருத்துவ மாணவியாக மருத்துவமனையில் நிலைமையை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர். இப்படி அடம்பிடிப்பது பொறுப்பற்ற செயல் என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். உள்ளேயே இருந்துகொண்டு. ஒரு வாரத்தில் ஒலிம்பிக் தள்ளிவைக்கப்பட்டது.

லே பைக்கர் எழுதியது:

தாமதமாக வருகிறேன். இந்தியத் தொடர்பு ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே!

2018 ஜனவரியில் விக்கன்ஹைசர் லடாக்குக்கு வந்தார், ஆண்ட்ரூ ஃபெரன்ஸ் என்ற முன்னாள் ஆட்டக்காரரோடு. லே கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரம். நம் ஆள் போனால் முதல் நாள் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். அங்கே இயற்கையாக உறைந்த ஐஸில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். இந்தியப் பெண்கள் அணியில் பெரும்பாலும் லடாக் பெண்கள்தான். கிடைத்த ஸ்கேட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகியவர்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போக மக்களிடம் பணம் திரட்டியவர்கள். 2017இல் பாங்காக்கில் ஃபிலிப்பைன்ஸை 4-3 என்று ஜெயித்ததுதான் அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி.

அந்த வருட நவம்பரிலேயே முழு அணியையும் கால்கரிக்கு அழைத்தார். பெண்களுக்காக அவர் நடத்தும் ஹாக்கித் திருவிழாவுக்கு. 2025இல் அதே இந்திய அணி ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? பேச்சின் தொடக்கமே லடாக்தான் என்று பெண் முடிவு செய்துவிட்டாள். 'மற்ற நாடுகள் முன்னேற வேண்டும் என்று கேட்டாயே அப்பா, இதோ' என்று என்னையே மடக்குகிறாள். நான் இங்கே எழுதுவதை எல்லாம் பின்னால் நின்று படித்திருக்கிறாள்.

கணக்குப்பிள்ளை எழுதியது (மூன்று நாள் கழித்து):

பேசி முடித்துவிட்டாள். ஐந்து நிமிடம் ஒன்பது நிமிடமாகிவிட்டதாம், ஆசிரியர் நிறுத்தவில்லையாம். லடாக், ஃபின்லாந்து, கம்பத்தில் பட்ட பக் எல்லாம் சொல்லியிருக்கிறாள். வகுப்பில் கேட்ட கேள்விகளில் பாதி ஐஸுக்குள் புதைத்த நாணயத்தைப் பற்றித்தான். அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். இவளுக்குப் பதில் தெரியவில்லை. தம்பி?

ஸ்கார்பரோ தம்பி எழுதியது:

இல்லை, அப்போதே தோண்டி எடுத்துவிட்டார்கள் அண்ணா. இங்கே டொரொண்டோவில், ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில், பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது, அங்கே வைத்திருக்கிறார்கள். 2019இல் விக்கன்ஹைசரையும் அதே ஹாலில் சேர்த்தார்கள், ஏழாவது பெண்ணாக. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானே அழைத்துப் போய்க் காட்டுகிறேன். பிப்ரவரியில் மட்டும் வராதீர்கள்.